ஆட்களைத் துரத்தும் சேவல்

இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு நாலு பேடும் ஒரு சேவலும் ஒரு கைமுதல். பிள்ளைகளுக்கு முட்டையும், அவசரத்துக்கு விற்க ஒரு கோழியும் அதிலிருந்து கிடைக்கின்றன. ஆனால் கொட்டில்கள் நெருங்கியிருக்கும் வளவில் ஒரு சேவல் ஆட்களைத் துரத்திக் கொத்தத் தொடங்கினால், அது அயலவரோடு மனத்தாங்கலில் முடியும். சின்னப் பிள்ளைகளின் முகத்துக்குச் சேவல் இலகுவாகப் பாய்ந்துவிடும். கண்ணுக்கே ஆபத்து. ஆகவே இதை விளையாட்டாக எண்ணிவிடக் கூடாது.

ஏன் துரத்துகிறது?

தன் பேடுகளைக் காப்பது சேவலின் இயல்பு. நன்றாகக் கூவத் தொடங்கும் இளம் பருவத்தில் இக்குணம் மேலோங்கும். இடநெருக்கடி, அளவுக்கு மிஞ்சிய சேவல்கள், சிறுவர்கள் தடியால் சீண்டுவது என்பன அதனை வளர்க்கும். கழுத்து மயிரைச் சிலிர்த்து, ஒரு செட்டையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஆடிக்கொண்டு ஆளை நோக்கி வந்தால், பாயப் போகிறது என்று அறிந்துகொள்ளலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. அடிக்க வேண்டாம். அடித்தால் நம்மையும் ஒரு போட்டிச் சேவலாக எண்ணி மேலும் மூர்க்கமாகும். ஓடவும் வேண்டாம், ஓடினால் தான் வென்றதாக எண்ணும். சுளகையோ உரப்பையையோ முன்னால் பிடித்து, அது விலகும்வரை அசையாது நில்லுங்கள்.

2. எட்டுப் பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதும். மேலதிகச் சேவல்களை விற்றுவிடுங்கள், அல்லது கறிக்கு எடுங்கள்.

3. கால் முள்ளின் கூர்நுனியை அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். முள்ளின் உள்ளே இரத்தம் ஓடுவதால் ஆழமாக வெட்டக் கூடாது. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. இரவில் பிடிப்பது இலகு.

4. பகலில் பிள்ளைகள் நடமாடும் நேரத்தில் சேவலைக் கூட்டில் அடைத்து வையுங்கள். அயல்வீட்டுச் சேவலைக் கண்டு கொதிப்பதானால் இடையில் கிடுகு கட்டி மறையுங்கள்.

திருந்தாவிட்டால்

இரண்டு மூன்று கிழமை இப்படிச் செய்தும் ஆட்கள்மேல் பாய்கிறதென்றால் அதை வைத்திருக்க வேண்டாம். சேவல் இல்லாவிட்டால் முட்டை கிடைக்காது என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது சரியல்ல. பேடு முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிப்பதற்கே தேவை. சேவலை அகற்றிய பின்னும் சுமார் ஒரு கிழமைவரை இடும் முட்டைகளை அடைவைக்கலாம். அதன்பின் குஞ்சு வேண்டுமானால் சாந்தமான சேவல் ஒன்றை அயலில் இரவல் வாங்கலாம்.

மூர்க்கக் குணம் குஞ்சுகளுக்கும் வரக்கூடும். ஆதலால் அப்படிப்பட்ட சேவலை வளர்ப்புக்கென்று இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது. கறிக்கே கொடுக்க வேண்டும். நேர்த்திக்கு விட்ட சேவலானால் அதைச் செலுத்தும் நாள்வரை தனிக்கூட்டில் வையுங்கள்.

காயம் பட்டால்

சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். சேவலின் முள்ளிலும் அலகிலும் மண்ணும் எச்சமும் ஒட்டியிருக்கும். ஆழமான குத்துக் காயமானால் வைத்தியசாலைக்குச் சென்று ஏற்பு ஊசி தேவையா என்று கேளுங்கள். கண்ணில் பட்டால் கைமருந்து எதுவும் இடாமல் உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

அயலவர் வந்து முறையிட்டால், "எங்கட சேவல் அப்படிச் செய்யாது" என்று வாதாட வேண்டாம். அன்றைக்கே அதைக் கூட்டில் அடையுங்கள். சேவல் ஒன்று போனால் ஆறு மாதத்தில் இன்னொன்றை வளர்த்துவிடலாம். பிள்ளையின் கண்ணையும் அயலின் உறவையும் அப்படித் திரும்பப் பெற முடியாது.