கண்ணு பார்த்து கை போறதுக்குள்ள: வாள் சண்டையின் நேரக் கணக்கு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

சேரப்பணஞ்சேரியில இருந்து பேசுறேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க, ஒரகடம் பக்கம் அது இல்லாம ஒரு நாளும் கிடையாது.

இன்னைக்கு ஒரே கேள்விதான். வாள் சண்டையில யாரு ஜெயிப்பாங்க? கை வேகமா இருக்கிறவங்கன்னு நம்ம சினிமா சொல்லிக் கொடுத்திருக்கு. ஆனா நிஜமா வாள் பிடிச்சவங்க எழுதி வெச்சதைப் படிச்சா, வேகத்தைவிட நேரத்தைப் பத்தித்தான் அதிகம் பேசியிருக்காங்க. வேகம் வேற, நேரம் வேற.

முதல்ல ஒரு ஸ்கேல் எடுங்க

ஃப்ரெண்டை ஒரு ஸ்கேலைத் தொங்கவிடச் சொல்லுங்க. கீழ் முனையில உங்க விரலைத் திறந்து வெச்சுக்கோங்க. அவங்க சொல்லாம விடணும், நீங்க பிடிக்கணும். பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் பக்கத்துலதான் பிடிப்பீங்க. 20 சென்டிமீட்டர் விழ ஆகுற நேரம் ஏறக்குறைய 0.2 நொடி. கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சுக்கிட்டு, விரல் அசைய நமக்கு அவ்வளவு நேரம் வேணும்.

இப்போ எதிராளியோட வாள் முனை உங்க தோளுக்கு ஒரு முழம் தள்ளி நிக்குது. அவர் கையை மட்டும் நீட்டினா போதும். நீங்க பார்த்துத் தடுக்க நினைக்கும்போதே அடி விழுந்திருக்கும்.

இதை 1599-லயே ஜார்ஜ் சில்வர்ங்கிற ஆங்கிலேயர் புத்தகமா எழுதிட்டார். கை ரொம்ப வேகம், கால் மந்தம். இதுதான் அவரோட அடிப்படை. எதிராளி ஒரு அடி எடுத்து வெச்சாதான் உங்களைத் தொட முடியும்ங்கிற தூரத்துல நில்லுங்க. அவர் காலை நகர்த்தணும், நீங்க கையை மட்டும் நகர்த்தினா போதும். அந்த வித்தியாசம்தான் உங்களுக்குக் கிடைக்கிற நேரம். கால் வைக்காமலே தொடுற தூரத்துக்கு அவரை வரவிட்டுட்டா, கண்ணை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

இது நம்ம ஷாப் ஃப்ளோர்லயும் இருக்கு

பிரெஸ் மெஷின்ல வேலை பார்க்கிறவங்களுக்கு லைட் கர்ட்டன் தெரியும். கை உள்ள போனா ஒளி மறையும், மெஷின் நிக்கும். ஆனா உடனே நிக்காது, கொஞ்ச நேரம் எடுக்கும். அதனால லைட் கர்ட்டனை எவ்வளவு தள்ளி வைக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. ஐஎஸ்ஓ 13855 தரத்துல, கிட்டத்துல கையோட வேகத்தை நொடிக்கு 2 மீட்டர்னு எடுத்துக்கிறாங்க. மெஷின் நிக்க மொத்தம் 0.2 நொடி ஆச்சுன்னா, 2 × 0.2, அதாவது குறைஞ்சது 40 சென்டிமீட்டர். அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் சேர்ப்பாங்க.

சில்வர் சொன்னதும் இதேதான்: தூரம்ங்கிறது சேமிச்சு வெச்ச நேரம். மெஷினோ வாளோ, கிட்டப் போனா அந்தச் சேமிப்பு கரையும். லைட் கர்ட்டனைப் பக்கத்துல நகர்த்தி வெச்சா வேலை சுலபம்னு யாராவது சொன்னா, அவங்க தூக்கிக் கொடுக்கிறது உங்க விரலுக்கான நேரத்தை.

அடிக்கிற பக்கம்

தற்காப்புக்குத் தூரம் சரி. அடிக்கணும்னா? அதுக்கு இத்தாலியர்கள் வெச்ச பேரு 'டெம்போ'. இசையில வர்ற அதே சொல். 1610-ல கபோ ஃபெர்ரோ எழுதின நூல் இதை வகை பிரிக்குது. ஒரே அசைவுல தொடுறது ஒண்ணு. தடுத்துட்டு அப்புறம் அடிக்கிறது, அது ரெண்டு டெம்போ. எதிராளி கையை நீட்டும்போது அந்தக் கையையே பாதி அசைவுல அடிக்கிறது அரை டெம்போ. அவர் அடிக்க வர்ற அதே நேரத்துல, அவரைவிடக் குறுகலா உள்ள போறது எதிர் டெம்போ.

எல்லாத்துக்கும் பொது விஷயம் ஒண்ணு: எதிராளி வேற ஒரு அசைவுல மாட்டிக்கிட்டிருக்கணும். ஆரம்பிச்ச வீச்சை நடுவுல திருப்ப முடியாது. கால் தூக்கினா அது தரையில படுற வரைக்கும் திசை மாற்ற முடியாது. அந்த நொடிதான் உங்களோடது. மெதுவான கைக்கும் அது போதும்.

170 மில்லி நொடி

இன்னைக்கு இந்தக் கணக்கை மின்சாரமே எண்ணுது. ஃபென்சிங்ல சேபர்ங்கிற பிரிவுல, முதல் தொடுதல் பதிவாகி 170 மில்லி நொடிக்குள்ள வந்தா மட்டும்தான் ரெண்டாவது தொடுதலுக்கு விளக்கு எரியும். 2016 ரியோ ஒலிம்பிக் வரைக்கும் இது 120-ஆ இருந்துச்சு. ரெண்டு விளக்கும் எரிஞ்சா, தாக்குதலை யார் முதல்ல ஆரம்பிச்சாங்கன்னு நடுவர் பார்ப்பார். ஏன் அப்படி? நிஜ வாள்ல ரெண்டு பேரும் சேர்ந்து அடிச்சா ரெண்டு பேரும் காலி. வர்ற அடியைக் கவனிக்காம பாயுறதை விதி ஏத்துக்காது.

அந்த 50 மில்லி நொடி கூடினதால, குறுக்கே புகுந்து அடிக்கிறவங்களுக்குக் கஷ்டம். முன்னைவிடச் சீக்கிரமா தொட்டாதான் எதிராளியோட விளக்கு எரியாது.

இந்த விளையாட்டுலதான் நம்ம சென்னைப் பொண்ணு பவானி தேவி நிக்கிறாங்க. 2004-ல பள்ளியில ஃபென்சிங் ஆரம்பிச்சாங்க. மின்சார வாள் விலை அதிகம்னு மூங்கில் குச்சியில பயிற்சி. 14 வயசுல துருக்கியில முதல் சர்வதேசப் போட்டி, 3 நிமிஷம் லேட்டா போனதால கறுப்பு அட்டை. பிற்பாடு டெம்போ பொறந்த இத்தாலியிலயே, லிவோர்னோவுல பயிற்சி எடுத்தாங்க. 2021-ல டோக்கியோவுல, ஒலிம்பிக்ல ஆடின முதல் இந்திய ஃபென்சர். முதல் ஆட்டம் 15-3 வெற்றி, அடுத்தது பிரான்ஸோட மனோன் புரூனேகிட்ட 7-15 தோல்வி. 2023 ஆசிய ஃபென்சிங் சாம்பியன்ஷிப்ல, அப்போ உலக சாம்பியனா இருந்த ஜப்பானோட மிசாகி எமுராவை 15-10-னு ஜெயிச்சு வெண்கலம் வாங்கினாங்க.

அடுத்த தடவை அவங்க ஆட்டம் பார்க்கும்போது வாளைப் பார்க்காதீங்க, அது கண்ணுக்குச் சிக்காது. ரெண்டு பேரோட காலைப் பாருங்க. யார் தூரத்தைத் திருடுறாங்க, யார் அசைவுல மாட்டிக்கிறாங்கன்னு தெரியும். விளக்கு எரியறதுக்கு முன்னாடியே புள்ளி யாருக்குன்னு சொல்லிடுவீங்க.