காற்றுக்கு மேலே ஒரு கண்

கண்டியில் ஹந்தானை மலைக்கு மேல் மின்னும் நட்சத்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். விண்ணிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத காமாக் கதிர்களும் வருகின்றன. உயிருக்குத் தீங்கான அவற்றை வளிமண்டலம் தடுத்து நம்மைக் காக்கிறது. எனவே, அவற்றை நேரடியாக ஆராய அதற்கு மேலே செல்ல வேண்டும்.

1991 ஏப்ரலில் அமெரிக்கா 17 தொன் நிறையுள்ள ‘கொம்ப்டன்’ ஆய்வுகூடத்தை விண்ணுக்கு அனுப்பியது. ஒன்பது ஆண்டுகளில் அது சுமார் 2,700 காமா வெடிப்புகளைப் பதிவு செய்தது. எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவியிருந்த அவை, நமது பால்வீதிக்கு அப்பாலிருந்து வருவதைச் சுட்டின. சுழல்காட்டி ஒன்று பழுதடைந்ததும், மனிதர் மீது விழுந்துவிடாதிருக்க 2000 ஜூனில் அதனைப் பசுபிக் சமுத்திரத்தில் வீழ்த்தினார்கள். 2008இல் ஏவப்பட்ட ‘ஃபெர்மி’ இப்பணியைத் தொடர்ந்தது.

“நட்சத்திரம் ஏன் உம்மா மினுங்குது?” என்று மகள் கேட்டால், அதட்டாதீர்கள். நம்மைக் காக்கும் இதே காற்றின் அசைவுதான் என்று சொல்லுங்கள்.