பழைய விரைவுக் கார்களை நாளை விரும்புவோர் யார்?

1964ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விக்டோரியா என்னும் ஊரிலுள்ள உயர்தரப் பாடசாலை ஒன்றிற்குச் செல்வர் ஒருவர் பழைய பந்தயக் கார் ஒன்றை நன்கொடையாக வழங்கினார். மோட்டார்த் தொழில் பயிலும் மாணவர் கழற்றிப் பூட்டிப் பழகுதற்கு அது உதவும் என்பது கருத்து. 1972இல் பாடசாலையார் அதனைச் சில ஆயிரம் டொலருக்கு விற்றுவிட்டனர். வாங்கியவர் அதனை ஒகையோ மாநிலத்திலே திறந்த வெளியில், இழுவை வண்டியொன்றின் மேல், மழையிலும் பனியிலும் பல்லாண்டு நிற்க விட்டார். இத்தாலி நாட்டுப் பெராரி நிறுவனத்தார் 1962 முதல் 1964 வரை செய்த '250 ஜீ.ரீ.ஓ.' என்னும் வகையைச் சேர்ந்தது அக்கார். அவ்வகையிற் செய்யப்பட்டவை 36 என்பது பொதுவான கணக்கு. அவற்றுள் வேறொன்று 2018இல் கலிபோர்னியாவில் நடைபெற்ற ஏலத்தில் 4 கோடி 84 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

பாடசாலை நடத்துவோர் எவரும் இச்செய்தியைக் கேட்டால் ஒரு பெருமூச்சு விடாதிரார். எங்கள் களஞ்சிய அறைகளில் உடைந்த வாங்குகளன்றி வேறு புதையல் கிடப்பதாக நான் கண்டதில்லை. ஆயினும் அப்பாடசாலையாரைக் குறைகூறுதல் முறையன்று. 1972இல் அது பந்தயத்தில் பிந்திப்போன ஒரு பழைய வண்டி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவ்வண்டியைப் பிற்காலத்தார் அரும்பொருளாகக் கொண்டது ஏன்? இன்று 30, 40 வயதை எட்டி நிற்கும் விரைவுக் கார்களும் அவ்வாறே நாளை போற்றப்படுமா? நேயர்களே, இவ்விரு வினாக்களையும் பற்றியே இன்று சில சொல்ல விழைகின்றேன்.

ஸ்போட்ஸ் கார் என வழங்கும் விரைவுக் கார்களுள் பழையவற்றை இக்காலத்தார் 'அனலொக்' கார்கள் என்கின்றனர். இச்சொல்லின் பொருளைக் கைக்கடிகாரத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். முள் சுழலும் கடிகாரத்தில் ஒரு பற்சில்லு மற்றொன்றைத் தள்ள, அது முள்ளைத் தள்ளுகின்றது. காரணமும் காரியமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. பழைய காரும் அத்தகையதே. சாரதி காலால் மிதிக்கும் அக்சிலரேற்றரிலிருந்து ஒரு கம்பி சென்று இயந்திரத்தின் காற்றுவாயைத் திறக்கின்றது. கை திருப்பும் ஸ்டியரிங், தண்டுகளின் வழியாக முன்சில்லுகளைத் திருப்புகின்றது. வீதியின் மேடுபள்ளம் அதே வழியாகக் கைக்குத் திரும்பி வருகின்றது. புதிய காரிலோ மிதிப்பது இயந்திரத்தை அன்று. அது கணினிக்குக் காலால் எழுதும் ஒரு விண்ணப்பம். அதனை முழுதும் ஏற்பதோ குறைத்து ஏற்பதோ கணினியின் அதிகாரம்.

இம்மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. சில்லு பூட்டிக்கொள்ளாது தடுக்கும் இலத்திரனியல் பிரேக் முறை 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் இடம்பெற்றது. வளைவில் வழுக்கும் வண்டியைத் தானே நேராக்கும் முறை 1995இல் அதே நிறுவனத்தின் காரில் வந்தது. 2014ஆம் ஆண்டின் இறுதியளவில் ஐரோப்பிய ஒன்றியத்திலே புதிய கார்கள் அனைத்திற்கும் இப்பின்னைய முறை கட்டாயமாயிற்று. பல உயிர்களைக் காத்த ஏற்பாடு இது. இதனைப் பழிப்பதற்கு இடமில்லை. ஆனால் இதன் விளைவு ஒன்றுண்டு. சாரதியின் கையையும் காலையும் மட்டுமே நம்பிய கார்களை இனிப் பெருந்தொகையாகச் செய்து விற்க எவராலும் இயலாது. உள்ளவை உள்ளவைதாம். பழைய கார்களின் விலை ஏறியே தீரும் என வாதிப்போர் முதலிற் காட்டும் நியாயம் இதுவே.

இந்த நியாயம் பாதிதான் சரி. அருமை மட்டும் விலையாவதில்லை. உலகில் ஒன்றே ஒன்றாக எஞ்சியிருந்தும் எவரும் திரும்பிப் பாராத வண்டிகள் பல உள. விரும்புவோர் இருத்தல் வேண்டும். அவ்விருப்பமோ பெரும்பாலும் இளமை நினைவிலிருந்து பிறக்கின்றது. பதினைந்து வயதிற் சுவரில் ஒட்டிவைத்த படத்திலிருந்த காரை ஐம்பது வயதில், கையிற் பணம் சேர்ந்தபின், மனிதன் தேடிச் செல்கின்றான். தலைமுறை மாறும்போது தேடப்படும் காரும் மாறுகின்றது. 1920களிலும் 1930களிலும் செய்யப்பட்ட சாதாரண கார்களை நினைவோடு நேசித்தவர்கள் மறைய மறைய, அவற்றின் சந்தையும் மெலிந்தது. புகாட்டி முதலிய மிகச் சிறந்தன மட்டும் கலைப்பொருளென்ற நிலைக்கு உயர்ந்து தப்பிக்கொண்டன.

இளைய தலைமுறையின் நினைவுகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 2001இல் வெளிவந்த 'த பாஸ்ட் அண்ட் த பியூரியஸ்' என்னும் திரைப்படத்தில் தோன்றிய 1994ஆம் ஆண்டு டொயோட்டா சுப்ரா கார் 2021இல் ஏலத்துக்கு வந்தது. விலை 5 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். ஒரு தலைமுறைக்கு முன் யப்பானியக் காரொன்றைப் பெராரிக்குப் பக்கத்தில் வைத்துப் பேசியிருந்தால், சேகரிப்போர் பலர் நகைத்திருப்பர்.

நினைவை நம்பிய விலை ஏறுவது போலவே இறங்கவும் கூடும். 1980களின் பிற்பகுதியில் பழைய பெராரிக் கார்களை வாங்க ஒரு வெறியே எழுந்தது. மேலே குறித்த 250 ஜீ.ரீ.ஓ. வகையின் விலை அப்பொழுது ஒரு கோடி டொலரைக் கடந்தது. 1990களின் நடுப்பகுதியில் அதே வகைக் கார் அதன் மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கிற்று. கடன்பட்டு வாங்கியோர் பலர் துன்புற்றனர். காரில் ஒரு திருகாணியேனும் மாறவில்லை. வாங்குவோர் மனம் மாறிற்று.

ஆதலின் இளமை நினைவு அற்றுப்போன பின்னும் ஒரு காரைக் காக்கக்கூடியது எது என்று ஆராய்தல் வேண்டும். அதனைப் பழுதுபார்க்க இயலுதலே அது என்பது என் துணிபு. பிரித்தானியரின் எம்.ஜீ.பி. காரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை 5 இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்ட எளிய ஸ்போட்ஸ் கார் அது. அதன் இயந்திரத்துக்கு எரிபொருளூட்டும் கருவி எஸ்.யூ. கார்புரேற்றர். இயந்திரம் காற்றை உறிஞ்சும்போது அக்காற்று ஒரு குறுகிய கழுத்தினூடாக விரைகின்றது. விரையும் இடத்தில் அமுக்கம் குறையப் பெற்றோல் மேலெழுந்து காற்றோடு கலக்கின்றது. ஊசி ஒன்று அளவைக் கட்டுப்படுத்துகின்றது. கோளாறு ஏற்பட்டால், பழகிய மெக்கானிக் இயந்திரத்தின் ஓசையைக் காதாற் கேட்டு, திருப்புளி கொண்டு சரிசெய்து விடுவார். அவருக்கு வேண்டியது கண்ணும் காதும் பழக்கமும் மாத்திரமே. இந்தக் கார்புரேற்றர்கள் இன்றும் இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகரில் புதிதாகச் செய்யப்படுகின்றன. 1988இலிருந்து எம்.ஜீ.பி. காரின் முழு உடற்கூடும், அக்காலத்து அச்சுப் பொறிகளைக் கொண்டே, மீண்டும் செய்யப்பட்டு வருகின்றது. துருப்பிடித்து உக்கிப்போன வண்டியும் இவ்வாறு மறுபிறவி எடுக்கலாம்.

ஸ்போட்ஸ் கார் அன்றாயினும், மொறிஸ் மைனர் காரின் கதையும் இங்கு குறிப்பிடத்தக்கது. பிரித்தானியாவிலே பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையம் ஒன்று, 1990களில் அக்காரின் உடற்தகடுகளை நமது இலங்கையிலேயே செய்வித்துத் தருவித்தது. தகட்டை வளைக்கத் தெரிந்த கை எங்கே இருப்பினும் பழைய கார் பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி இதற்கு மறுதலையான ஒன்றைப் பார்ப்போம். அனலொக் கார்களின் சிகரம் என்று பலர் கொண்டாடுவது 1992இல் அறிமுகமான மக்லாறன் எப்-1. கோர்டன் மறி என்னும் தென்னாபிரிக்கர் வகுத்த அமைப்பு அது. சாரதி நடுவில் அமர்வார். இருமருங்கும் சற்றுப் பின்னே இருவர் அமரலாம். ஸ்டியரிங்குக்கு இயந்திர உதவி இல்லை. மேற்கூறிய இலத்திரனியல் பிரேக் முறையும் இல்லை. 1998இல் மணிக்கு 240 மைல் வேகத்தைத் தாண்டிற்று. மொத்தம் 106 செய்யப்பட்டன. எனினும் அதன் பி.எம்.டபிள்யூ. இயந்திரத்தை ஆள்வது இலத்திரனியற் பெட்டியே. அப்பெட்டியோடு பேசிக் குறையறிவதற்கு 1990களில் வெளிவந்த ஒரு கொம்பாக் மடிக்கணினியே வேண்டியிருந்தது. அக்கணினி சந்தையிலிருந்து மறைந்து நெடுங்காலமாகிய பின்னும், 2016அளவில், மக்லாறன் நிறுவனத்தார் அத்தகைய பழைய கணினிகளைத் தேடிச் சேர்த்து வைத்திருந்தனர் என்ற செய்தி வெளியாயிற்று. பல இலட்சம் பவுண் பெறும் கார், எவரும் இலவசமாகவும் ஏற்காத ஒரு கணினிக்காகக் காத்து நின்ற காட்சி இது!

இங்கேதான் பிற்கால ஸ்போட்ஸ் கார்களின் இடர்ப்பாடு வெளிப்படுகின்றது. 1980களின் நடுவிலிருந்து வந்த கார்கள் ஓட்டும் அனுபவத்தில் அனலொக்; உள்ளுறுப்பில் பாதி இலத்திரனியல். இரும்புப் பற்சில்லு தேய்ந்தால் அதைப் பார்த்து வேறொன்று கடையலாம். இலத்திரனியற் பெட்டியிலுள்ள கொள்ளளவிகள் வற்றிக் கசிந்து, அதன் நினைவுச் சில்லில் எழுதிய கட்டளைகளும் அழிந்துவிட்டால், எதைப் பார்த்து எதைக் கடைவது? எழுத்து மறைந்த ஏட்டுச் சுவடியின் நிலைதான். பெரிய நிறுவனங்கள் சில இதனை உணர்ந்து முயல்கின்றன. ஏறக்குறைய 300 மட்டுமே செய்யப்பட்ட போர்ஷே 959 காரின் கிளச் நெம்புகோல் ஒன்றை அந்நிறுவனம் முப்பரிமாண அச்சு முறையில் ஆக்கி 2018இல் வெளியிட்டது. ஆனால் நெம்புகோல் உலோகம், அச்சிடலாம். அழிந்துபோன கட்டளைத் தொகுதியை அச்சிட இயலாது.

சட்டமும் எரிபொருளும் பற்றிச் சுருக்கமாகக் கூறுவேன். புதிய பெற்றோல் கார்களின் விற்பனையை வரையறுக்கவே அரசாங்கங்கள் திட்டமிடுகின்றன. பழைய கார்களை வீதியிலிருந்து விரட்ட அன்று. பிரித்தானியாவில் 40 ஆண்டு நிறைந்த கார்களுக்கு வீதி வரியில்லை. பெருமாற்றம் செய்யப்படாதவற்றுக்கு 2018 முதல் ஆண்டுப் பரிசோதனைக் கட்டாயமும் இல்லை. 2021இல் அங்கு சாதாரணப் பெற்றோலில் 10 சதவீதம் வரை எதனோல் கலக்கத் தொடங்கியபோது, பழைய றப்பர்க் குழாய்களை அது அரித்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. குழாயை மாற்றினால் அந்த அச்சம் தீரும்.

என்னை உறுத்துவது வேறொன்று. 2021இல் கலிபோர்னியாவில் ஒரு மக்லாறன் எப்-1 கார் 2 கோடி டொலருக்கு மேல் விலைபோயிற்று. அதன் சிறப்பு யாதெனில், பிறந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அது ஓடிய தூரம் 250 மைலுக்கும் குறைவு. ஓட்டுவதற்கென்றே ஒப்பற்ற முறையில் வகுக்கப்பட்ட கார், ஓட்டப்படாமையினாலேயே உயர்ந்த விலை பெற்றது. பெட்டகத்தில் வைத்த பொன் கெடுவதில்லை; நிறுத்தி வைத்த கார் கெடும். றப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். தாங்கியிலுள்ள பெற்றோல் பிசினாகும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை ஈர்த்துக் குழாயைத் துருவாக்கும். இதனினும் பெரிய இழப்பு, ஓட்டாத காரை ஒரு சிறுவனும் காண்பதில்லை என்பது. கண்டிராத காரை அவன் ஐம்பது வயதில் ஏன் தேடப் போகின்றான்? விலை உயருமென்று பூட்டி வைப்பவர் தம் காரை நாளை வாங்கவேண்டியவனை இன்றே இல்லாமற் செய்கின்றார்.

ஓட்டும் திறமையும் அருகி வருகின்றது. பிரித்தானியாவில் தானியங்கிக் கியர்க் காரில் மட்டும் தேர்வு எழுதித் தேறியவர் கைக்கியர்க் காரை ஓட்டச் சட்டம் இடங்கொடாது. அவ்வாறு தேறுவோர் தொகையோ ஆண்டுதோறும் பெருகுகின்றது. மின்சாரக் கார்களுக்குக் கிளச் என்பதே இல்லை.

ஆகவே, ஏலக்கூடத்தில் பேசப்படும் கோடிகளைக் காட்டிலும், எளியவையும் எண்ணிக்கையிற் பெரியவையும் நீடித்து வாழும் என்று கருதுகின்றேன். யப்பானின் மஸ்டா நிறுவனம் 1989இல் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் கார் அத்தகையது. 2016இல் அதன் தொகை பத்து இலட்சத்தை எட்டியது. 2017இல் அந்நிறுவனமே முதற் தலைமுறைக் கார்களைத் திரும்பப் பெற்றுப் புதுக்கிக் கொடுக்கும் பணியை யப்பானில் அறிவித்தது. அக்காலத்து ரயரையும் மீண்டும் செய்வித்தது. இத்தகைய காரைப் பெரும் செல்வர் அல்லாதாரும் வாங்கி, ஞாயிறு தோறும் ஓட்டி, தாமே கழற்றிப் பூட்டலாம்.

கழற்றிப் பூட்டக் கற்பிப்பவர் யார் என்பதே எஞ்சிய கேள்வி. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள மக்பெர்சன் கல்லூரி 1976இலிருந்து பழைய கார்களைப் புதுக்கும் கலையைப் பாடமாகக் கற்பித்து வருகின்றது. இன்று அதிலே நான்காண்டுப் பட்டமும் உண்டு. அக்கல்லூரி மாணவர் 1953ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ் கார் ஒன்றை, ஓர் அணி பட்டம் பெற்று வெளியேற அடுத்த அணி தொடர்ந்து ஏற்க, பல ஆண்டுகள் உழைத்துப் புதுக்கினர். 2023இல் அதனைக் கலிபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சிக்குக் கொண்டுசென்றனர். பெருஞ்செல்வர்கள் புகழ்பெற்ற தொழிற்சாலைகளிற் பெரும்பொருள் கொடுத்துப் புதுக்கிய கார்களோடு போட்டியிட்டு, தம் பிரிவில் இரண்டாம் பரிசு பெற்றுத் திரும்பினர்.