இரயிலைக் காக்கும் கருவி

விரைந்து செல்லும் இரயில் வண்டி நினைத்தவுடன் நிற்பதன்று. பிரேக்கு இட்ட பின்னும் அது நெடுந்தொலைவு ஓடியே நிற்கும். ஆதலின், எதிரே வண்டி நிற்பதைக் கண்ட பிறகு நிறுத்த முயல்வது பயன் தராது. சிக்னலே ஓட்டுநருக்குக் கண்ணாகும். மூடுபனியாலோ அயர்வாலோ அவர் சிக்னலைக் காணத் தவறினால் யாது செய்வது? இவ்விடரைப் போக்கவே தானியங்கிக் காப்புக் கருவிகள் தோன்றின.

பிரிட்டனில் வழங்கும் கருவி ஒன்றைக் காண்போம். சிக்னலுக்கு ஏறத்தாழ 180 மீட்டர் முன்னே, தண்டவாளங்களுக்கு இடையில் காந்தம் பதிக்கப்பட்டிருக்கும். சிக்னல் பச்சையாயின் ஓட்டுநர் அறையில் மணி ஒலிக்கும். மஞ்சளோ சிவப்போ ஆயின் ஊதல் ஒலிக்கும். உடனே அவர் ஒரு பொத்தானை அழுத்துதல் வேண்டும். அழுத்தாவிடில் பிரேக்கு தானே விழும்.

இத்தகைய கருவி இருந்தும் விபத்துகள் நிகழ்ந்தன. 1997ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், இலண்டனின் சவுத்தாலில் விரைவு வண்டியொன்று சிவப்பு விளக்கைக் கடந்து சரக்கு வண்டியுடன் மோதியது. எழுவர் மாண்டனர். வண்டியில் கருவி இருந்தது. ஆனால், பழுதுற்றமையால் அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

1999ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், இலண்டனில் லாட்புரோக் குரோவ் என்னுமிடத்தில் இரு வண்டிகள் மோதி 31 பேர் மாண்டனர். அன்று கருவி செவ்வனே ஊதியது; ஓட்டுநர் பொத்தானையும் அழுத்தினார்; ஆயினும் வண்டி சிவப்பைக் கடந்து சென்றது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஊதல் ஒன்றே. நாள்தோறும் பன்முறை அழுத்திப் பழகிய கை, மனம் உணருமுன்னரே அழுத்திவிடுதல் கூடும். பின்னர், சிவப்பைக் கடக்கும் வண்டியை ஓட்டுநரைக் கேளாமலே நிறுத்தும் மற்றொரு கருவி அந்நாட்டில் பரவலாகப் பொருத்தப்பட்டது.

எனினும், சிக்னலே பொய்த்தால் கருவி என் செய்யும்? 2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு நேர்த்தடத்திற்குரிய பச்சை விளக்கு எரிந்தது. தடமோ கிளைப்பாதைக்குத் திருப்பப்பட்டிருந்தது. அங்கு நின்ற சரக்கு வண்டியில் அது மோதியது. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிக்னல் மின்னிணைப்பில் பணியாளர் செய்த பிழையே காரணம் என விசாரணையில் தெரிந்தது. சிக்னல் கூறுவதை மெய்யென்று கொண்டு இயங்கும் எக்கருவியும், பச்சை விளக்கைக் கண்டு வண்டியை நிறுத்தாது.

கருவி உறங்குவதில்லை, அயர்வதுமில்லை. ஆனால் அதனைப் பழுது பார்ப்பதும், அதன் எச்சரிக்கையைப் பொருட்படுத்துவதும், அதற்கு மெய்யான செய்தி தருவதும் மனிதர் கடமைகளே. அக்கடமைகளில் ஒன்று தவறினும், கருவி இருந்தும் இல்லாததேயாகும்.