வற்றும் கண்மாயில் மூச்சுவிடும் விரால்

கோவில்பட்டி வட்டாரத்துக் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இருப்பவை. மாசி பிறந்தால் தண்ணீர் உள்வாங்கும். கரையோரக் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். விரிந்து கிடந்த நீர் மடையருகே ஒரு பள்ளத்துக்குள் சுருங்கிவிட, மீன்களும் அங்கே வந்து ஒடுங்கும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் காத்திருப்பது இந்தப் பருவத்துக்குத்தான்.

ஃபின்லாந்திலும் கனடாவிலும் உறைந்த ஏரியில் துளை போட்டுத் தூண்டில் இறக்குபவர்களும் மீனின் கஷ்டகாலத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். தண்ணீருக்கு 4 டிகிரி செல்சியஸில் அடர்த்தி அதிகம். அதனால் அந்த நீர் அடியில் தங்க, மேலே பனிக்கட்டி மூடுகிறது. குளிரில் மந்தமான மீன் இரையைத் துரத்தாது. தூண்டிலை ஆழத்துக்கு இறக்கி மெல்ல அசைப்பதே அங்கே உத்தி.

நம் கண்மாயில் சிக்கல் வேறு. உறைநிலைத் தண்ணீர் லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது சுமார் ஏழரையாகக் குறைகிறது. பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும், இரவெல்லாம் அதுவும் சேர்ந்து சுவாசித்துத் தீர்க்கும். ஆகவே தட்டுப்பாடு உச்சத்தில் இருப்பது விடியற்காலையில். அப்போது பள்ளத்தின் ஓரம் நின்றால் கெண்டைகள் மேலே வந்து வாய் பிளப்பதைக் காணலாம்.

விராலின் கதை தனி. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் அறை ஒன்று அதற்கு உண்டு. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கியே தீர வேண்டும். வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். கெண்டை செத்து மிதக்கும் குட்டையிலும் விரால் பிழைத்திருப்பது இதனால்தான். பிடிபடுவதற்கும் இதுவே காரணம். மேலே வந்து குமிழி விட்டு இறங்கும் இடத்தைக் கண் வைத்தவருக்கு, ஊத்தாவை எங்கே கவிழ்ப்பது என்று தெரிந்துவிடும்.

ஊத்தா என்பது அடி அகன்று, மேல்வாய் குறுகி, இரண்டு பக்கமும் திறந்த மூங்கில் கூடை. முழங்கால் அளவுத் தண்ணீரில் அதைச் சட்டென்று சேற்றில் ஊன்ற வேண்டும். உள்ளே மாட்டிய மீன் கூடையை முட்டும்போது அதிர்வு கையில் தெரியும். மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவி, தலையோடு சேர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். கெளுத்தி என்றால் முள் குத்திவிடும், கவனம். கரிசல் களிமண்ணின் நுண்துகள்கள் எளிதில் படியாமல் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். கண்ணுக்கு வேலையில்லாத அந்த நீரில் தொட்டுப் பிடிக்கும் கருவியே சரியானது என்று கண்டவர்களின் அறிவு மெச்சத்தக்கது. தூண்டில் போடுபவர்களும் மணத்துக்காகவே மண்புழுவைக் கோக்கிறார்கள். கெளுத்தி மீசையால் துழாவித்தான் இரை தேடும்.

பனையேறிக் கெண்டைக்கும் காற்றுச் சுவாசம் உண்டு. 1791-இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரரான டால்டார்ஃப், அது பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதியதை லண்டன் லின்னேயன் சங்கம் 1797-இல் அச்சிட்டது. மரம் ஏறுவதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் நகர்ந்து போவது மட்டும் உண்மை.

சித்திரையில் பள்ளத்தையும் இறைத்து, கடைசி மீன்வரை அள்ளுவது இப்போது பல ஊர்களில் நடக்கிறது. அது தவறு. அடுத்த மழையில் குஞ்சு பொரிக்கப்போவது அந்தச் சேற்றில் தங்கும் விரால்தான். செந்நிறக் குஞ்சுக்கூட்டத்தைத் தாயும் தகப்பனும் காவல் காக்கும். அந்த நேரத்தில் பெரிய மீனைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரையாகும். தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கண்மாயில் விட்டாலும் நாட்டு மீன்களுக்கு அழிவுதான். குத்தகைதாரர்களும் ஊர்ப் பெரியவர்களும் மடையருகே ஒரு பள்ளத்தையாவது இறைக்காமல் விட்டுவைக்க வேண்டும்.