நெல்லும் இறப்பரும்

ஓட்டமாவடியில் வயலும் வாவியும் அருகருகே உள்ளன. நெல்லுள்ளவன் நெல்லைக் கொடுப்பதும், மீனுள்ளவன் மீனைக் கொடுப்பதும் அத்தகைய ஊர்களுக்குப் புதியவை அல்ல. 1952ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கமே அவ்வழியை நாட நேர்ந்தது.

உள்நாட்டு விளைச்சல் போதவில்லை. உலகச் சந்தையில் அரிசி அருகியது. கொரிய யுத்தத்தால் உயர்ந்த இறப்பர் விலையோ சரிந்தது. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க அரிசி தேடிப் பீக்கிங் சென்றார். பொதுவுடைமையை எதிர்த்த அரசாங்கத்தின் அமைச்சர் அவர். சீனாவுடன் தூதரக உறவும் 1957 வரை ஏற்படவில்லை. போர்த்தேவைப் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பலாகாது என ஐக்கிய நாடுகள் சபை 1951இல் கேட்டிருந்தது; இலங்கையோ 1955இலேயே அச்சபையில் உறுப்புரிமை பெற்றது.

பயணம் எதிர்பாராத பயனைத் தந்தது. 1952 டிசெம்பர் 18இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் 2,70,000 தொன் அரிசி வரும். 50,000 தொன் இறப்பர் செல்லும். இறப்பருக்குச் சீனா சந்தை விலையினும் கூடுதலாகவே கொடுத்தது. அமெரிக்கா தன் உதவியை மறுத்தது. எனினும் இலங்கை பின்வாங்கவில்லை.

பசித்த வீடு அண்டை வீட்டாரின் கொள்கையை ஆராய்ந்து கொண்டிராது. கொடுக்கத் தன்னிடம் உள்ளது யாதென்று அறிந்தவனே மானத்தோடு கேட்கவும் வல்லவன்.