இரு கணிப்பொறிகளுக்கிடையே ஒரு கோர்வை

காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா என்று மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். அப்பிணைப்பிற்குக் கோர்வை என்று பெயர். அதற்கு நெசவாளர் ஒருவர் போதார். துணைக்கு இன்னொருவரும் தறியில் அமரவேண்டும். அரசாங்கக் கொள்முதலையும் கணக்கையும் இணைக்கும் இன்றைய வேலையை விளக்க இதைவிடத் தக்க உவமை எனக்கு அகப்படவில்லை.

பொருளை வாங்குவது ஒரு மென்பொருளில். பணம் கொடுப்பது வேறொன்றில். வாங்குவதற்கென்று மத்திய அரசு 2016-இல் 'ஜெம்' எனப்படும் அரசு மின்னணுச் சந்தையைத் தொடங்கிற்று. பணம் வழங்கும் பொது நிதி மேலாண்மை அமைப்போ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிறந்தது. தமிழ்நாட்டுக் கருவூலங்களுக்குத் தனி மென்பொருள் உண்டு. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் ஆக்கியவை இவை.

இணைப்பு இல்லையென்றால் நேர்வது யாது? ஒரு கல்லூரி 50 மேசைகள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். சந்தையில் பதிந்த விவரங்களையெல்லாம் எழுத்தர் கணக்கு மென்பொருளில் மறுபடியும் தட்டச்சிடவேண்டும். 50 என்பது 60 ஆகலாம். வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகலாம். பணம் திரும்பிவிடும்; விற்றவர் மாதக்கணக்கில் அலுவலகத்துக்கு நடப்பார். பெருவணிகர் பொறுப்பார். விரிப்பு நெய்து கொடுத்த சிறு நெசவாளர் சங்கம் என் செய்யும்? அப்பணம் வந்தாலன்றோ அடுத்த பாவுக்கு நூல் வாங்க முடியும்! சிறு தொழிலருக்கு 45 நாளைக்கு மேல் பாக்கி வைத்தல் ஆகாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. எனினும் சட்டம் தட்டச்சுப் பிழையைத் திருத்தாது.

இரண்டும் இணைந்துவிட்டாலோ, ஆணை பிறக்கும்போதே உரிய கணக்குத் தலைப்பில் பணம் உண்டா என்று கேட்டு, அத்தொகையை வேறு செலவுக்குப் போகாமல் நிறுத்திவைக்கலாம். பின்னர் ஆணை, சரக்கைப் பெற்றுக்கொண்ட சான்று, விற்றவரின் பட்டியல் ஆகிய மூன்றும் ஒத்திட்டுப் பார்க்கப்படும். மூன்றும் பொருந்தினால் பணம் செல்லும். ஜெம் சந்தையில் சரக்கை ஏற்ற சான்று கிடைத்த பத்து நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது விதி.

கம்பி இழுப்பது இதில் எளிய பகுதி, பெயர்கள்தாம் தொல்லை. எங்கள் ஊரையே காஞ்சிபுரம், காஞ்சீபுரம் என்று இருவிதமாக எழுதுகிறோம். ஒரே வணிகர் இரண்டு எழுத்துக்கூட்டலில் பதிவானால் கணிப்பொறிக்கு அவர் இருவர். ஆகையால் பெயரை விட்டு, வரிப்பதிவு எண்ணைக் கோர்வையின் முடிச்சாகக் கொள்கிறார்கள். பதிவு ஒன்றேயானால் தணிக்கையாளருக்கும் தடம் தெளியும். இம்மாவட்டத்து உத்திரமேரூரில், கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் இடலாகாது என்று பராந்தக சோழர் காலத்திலேயே கல்லில் வெட்டிவைத்தார்கள்!

இன்னொரு சிக்கல் மார்ச் 31. அன்றோடு அவ்வாண்டின் ஒதுக்கீடு முடிகிறது. மார்ச்சில் கேட்ட மேசை ஏப்ரலில் வந்தால், அதற்கென நிறுத்திவைத்த பணம் புதிய ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்து மீண்டும் நிறுத்தப்படவேண்டும். கொள்முதல் மென்பொருள் பழைய ஆணையை உயிரோடு வைத்திருக்க, கணக்கு மென்பொருள் அதை மறந்துவிட்டால், மேசை கூடத்தில் நிற்கும். பட்டியல் கருவூலத்திலிருந்து திரும்பி வரும்.